அறுகம்பையில் இரண்டு இரவு

பயணம் என்பது புறப்படும் நாளில் தொடங்குவதன்று. அதைப் பற்றி வீட்டில் முதற் பேச்சு எழும் நாளிலேயே அது தொடங்கிவிடுகிறது. "எங்கே போவது?" என்று கேட்டால் வீட்டில் பத்து விடைகள் வரும். "யாருக்கு எது கடினம்?" என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. வாகனம் ஓட்டுபவர் வழியைத் தீர்மானிக்கிறார். பிள்ளைகள் இடத்தைத் தீர்மானிக்கிறார்கள். வீட்டுத் தலைவி பாத்திர பண்டங்களைக் கட்டுகிறாள். வயது முதிர்ந்தவர்களோ, "நீங்கள் போய் வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக் கொள்கிறேன்" என்று ஒதுங்கிக் கொள்கிறார்கள். அந்த ஒதுங்கலுக்குள் சோர்வு இருக்கிறதா, அச்சம் இருக்கிறதா என்று எவரும் கேட்பதில்லை.

2024 ஆகஸ்ட் பாடசாலை விடுமுறையில், இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அறுகம்பையில் இரண்டு இரவு கூடாரமடித்துத் தங்கிவர எங்கள் குடும்பம் திட்டமிட்டது. அந்தத் திட்டம் வளர்ந்த விதத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். இடத்தைப் பற்றிய விவரங்கள் அங்கு போக விரும்புவோருக்குப் பயன்படும். திட்டத்தை உண்மையில் வகுத்தவர் யார் என்பது, எங்கும் போகாதிருப்போருக்கும் பயன்படக்கூடும்.

பிள்ளைகளின் ஆசையும் உம்மாவின் மௌனமும்

நாங்கள் வசிப்பது கண்டி மாவட்டத்தில். என் மகனும் மகளும் மலையைப் பார்த்து வளர்ந்தவர்கள். என் பிறந்தகமோ கல்முனைக் கரையோரம். என் உம்மாவின் வாப்பா கரைவலைத் தொழில் செய்தவர். மீன் படும் காலத்தில் கடற்கரை வாடியிலேயே தங்கிவிடுவார். அவருக்குச் சோறு கொண்டு போய்க் கொடுத்து, காற்றையும் அலையையும் படித்து வளர்ந்தவர் என் உம்மா.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கம் எழுப்பிய பேரலை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் எங்கள் கரையை வந்தடைந்தது. இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். 10,000 பேருக்கும் மேல். அவர்களுள் என் சாச்சியும் ஒருவர். உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவர் அவர். பாதி வழியில் அந்தக் கை இல்லாமற் போயிற்று. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அதன் பின் உம்மா எங்களோடு மலைநாட்டுக்கு வந்துவிட்டார். திருமணம், மௌத்து என்று ஊருக்குப் போனாலும் பிரதான வீதிக்குக் கிழக்கே காலடி வைப்பதில்லை. அப்படியே இருபது ஆண்டுகள் சென்றன. அதைப் பற்றி அவர் பேசியதுமில்லை, நாங்கள் கேட்டதுமில்லை.

இந்நிலையில்தான் பிள்ளைகள் அறுகம்பைப் பேச்சை எடுத்தார்கள். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவரை உறவினர் வீட்டில் விட்டுச் செல்லலாமா என்று என் கணவர் யோசித்தார். மூன்று நாள் கழிந்தது. ஓரிரவு இஷாவுக்குப் பின், தொழுகை விரிப்பை மடித்தபடியே உம்மா கேட்டார்:

"கூடாரத்தை எங்க அடிக்கப் போறீங்க மகள்? பாலத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

எங்கள் திட்டம் பிறந்தது அந்தக் கேள்வியில்தான்.

பாலத்துக்கு இந்தப் பக்கம்

அறுகம்பையைப் படத்தில் மட்டும் பார்த்தவர்களுக்கு இக்கேள்வியின் ஆழம் விளங்காது. பொத்துவில் நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 3 கி.மீ. தொலைவில், பிறை போல் வளைந்த குடாவின் ஓரத்தில் இருப்பது அறுகம்பை. உல்லை என்பது உள்ளூர் வழக்கு. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அலைச்சறுக்கு விளையாட்டுக்கென உலகின் பல நாடுகளிலிருந்தும் இங்கு வருகிறார்கள். இந்தச் சிற்றூருக்கும் பொத்துவிலுக்கும் இடையே ஒரு களப்பு கிடக்கிறது. அதன் மேலுள்ள பாலமே ஊருக்கு வாசல். 2004ஆம் ஆண்டுப் பேரலையில் பழைய பாலம் சிதைந்தது. இன்றுள்ள பாலம் 2008இல் திறக்கப்பட்டது.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் படுத்தா, ஓட வேண்டி வந்தா தண்ணிக்கு மேலாலதான் ஓட வேணும்" என்றார் உம்மா. தேசப்படத்தை விரித்துப் பார்த்த என் கணவர் மறுபேச்சுப் பேசவில்லை. பொத்துவில் பக்கத்திலேயே, கடலுக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் உள்ளே, தெரிந்தவர் ஒருவரின் தென்னந்தோட்டத்தில் கூடாரம் அமைக்க முடிவாயிற்று. அங்கிருந்து மேற்கே லகுகலை வழியாக உள்நாட்டுக்குச் செல்லும் வீதிக்குப் பாலம் கடக்க வேண்டியதில்லை. கடற்கரையில் பகலெல்லாம் விளையாடலாம். இரவில் உறங்குவது உள்ளே.

இரண்டாவது நிபந்தனை நாளைப் பற்றியது. நாங்கள் முதலில் எண்ணியிருந்தது ஆகஸ்ட் 19, திங்கட்கிழமையை ஒட்டிய நீண்ட வார இறுதியை. அன்று போயா. "அந்த நாள் வேணாம்" என்றார் உம்மா. நிலநடுக்கத்துக்கும் முழுநிலவுக்கும் தொடர்பில்லை என்று விளக்க என் மகன் பாடப்புத்தகத்தோடு எழுந்தான். அவனை அமர்த்தினேன். அவன் சொல்வது சரி. ஆனால் மூன்று நாள் தள்ளிப் போவதால் யாருக்கு என்ன இழப்பு? இழப்பின்றிக் கொடுக்கக்கூடிய ஒன்றை விவாதம் செய்து மறுப்பது அறிவாகாது. வியாழக்கிழமை புறப்பட்டோம். போயா விடுமுறையின் நெரிசல் வடிந்திருந்தது, தோட்டமும் எங்களுக்கே கிடைத்தது. இஷாவுக்குப் பின்னரே நிலா எழுந்ததால், அதுவரை வானம் நிறைந்த நட்சத்திரங்களையும் பிள்ளைகள் கண்டார்கள்.

மூன்றாவது நிபந்தனை: "வானின் முகம் றோட்டைப் பார்த்து நிற்க வேணும். திறப்பு ஒரே இடத்தில் தொங்க வேணும். அது எந்த இடமென்று சின்னப் பிள்ளைக்கும் தெரிய வேணும்." இதைக் கேட்டபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான். அனர்த்த முகாமைத்துவ நிலையம் 2005இல் அமைக்கப்பட்டது முதல் அறிவுறுத்திவரும் செய்திகளின் சாரத்தையே, துண்டுப் பிரசுரம் எதனையும் வாசிக்காத ஒரு தாய் சொல்லிக் கொண்டிருக்கிறார். நிலம் நீண்ட நேரம் அதிர்ந்தாலும், கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலும் பொங்கினாலும், அறிவித்தலுக்குக் காத்திராமல் உட்புறமாகச் செல்ல வேண்டும். 2012 ஏப்ரல் 11ஆந் திகதி எச்சரிக்கை விடுக்கப்பட்டபோது கிழக்குக் கரை மக்கள் அப்படித்தான் சென்றார்கள். அன்று பேரலை வரவில்லை. ஆனால் வழி தெரிந்தவர்களாக நடந்துகொண்டார்கள்.

வழியும் காற்றும்

எங்கள் பக்கத்திலிருந்து மகியங்கனை, பிபிலை, மொனராகலை, சியம்பலாண்டுவை, லகுகலை வழியாகப் பொத்துவிலை அடையலாம், 200 கி.மீ.க்கு மேற்பட்ட வழி. கொழும்பிலிருந்து வருவோருக்கு ஏறத்தாழ 320 கி.மீ. வழியில் மறக்கக்கூடாத இடம் லகுகலை. கோடையில் அங்குள்ள குளத்தை நாடி யானைகள் வரும். ஆகவே சுபஹுக்குப் பின் புறப்பட்டு, வெயில் சாய்வதற்கு முன் லகுகலையைத் தாண்டிவிடுவது நலம். யானையைக் கண்டால் வண்டியை நிறுத்தி இறங்கிப் படம் எடுப்பது வீரமன்று.

காலத்தைப் பொறுத்தவரை, மே முதல் செப்டம்பர் வரை கிழக்கில் மழை குறைவு. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தை மலைநாட்டிலேயே கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக இந்தப் பக்கம் இறங்குகிறது. அதைக் கிழக்கில் கச்சான் காற்று என்பார்கள். எங்கள் வழக்கில் வேர்க்கடலைக்கும் கச்சான் என்றே பெயர். அறுகம்பைக்குத் தெற்கே வேர்க்கடலைத் தோட்டம் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயருடைய கடற்கரை ஒன்றுண்டு. "காற்றின் பெயரா, கடலையின் பெயரா?" என்று என் மகள் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது கூடாரப் பேச்சே வேண்டாம்.

கச்சான் வீசும் காலத்தில் கூடாரத்தின் முதுகு மேற்கே இருக்க வேண்டும். வாடியில் வளர்ந்த உம்மா, உள்ளங்கையில் மணலை எடுத்துத் தூவிப் பார்த்து இடம் சொன்னார். முதுகு மேற்கே என்றால் வாயில் கிழக்கே, கடலின் பக்கம். அதை அவர் உணர்ந்தே சொன்னார். கடல் அங்கிருந்து தெரியாது. இரைச்சல் மட்டும் கேட்கும்.

கொண்டு போக வேண்டியவை

கூடாரப் பயணத்துக்கு நாங்கள் போட்ட பட்டியலில் அநுபவத்தில் பயன்பட்டவற்றை மட்டும் சொல்லுகிறேன்.

மணற் பாங்கான நிலத்தில் கூடாரத்தின் முளைகள் நிற்பதில்லை. சிறு பைகளில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டிப் புதைத்துவிட்டால் எந்தக் காற்றுக்கும் அசையாது. தென்னையின் கீழ் அடிப்பதானால் குலைக்கும் காய்ந்த மட்டைக்கும் நேர் கீழே அடிக்கலாகாது. நுளம்பு வலையுள்ள கூடாரமாகப் பார்த்து வாங்குதல் வேண்டும். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லீற்றர் நீர் என்று கணக்கிட்டோம். வுளூவுக்கும் குளிப்புக்கும் தோட்டத்துக் கிணறு இருந்தது. காய்ந்த சருகும் கச்சான் காற்றும் உள்ள இடத்தில் விறகு மூட்டுவது ஆபத்து. சிறிய எரிவாயு அடுப்பொன்று போதும். ஆளுக்கொரு டோர்ச் விளக்கும், பழக்கமான மருந்துகளும் கட்டாயம்.

இங்கே சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. வெறுங் கடற்கரையில் கூடாரமடிப்பது படத்தில் அழகாக இருக்கும். பெண்களும் முதியோரும் உள்ள குடும்பத்துக்குக் கழிப்பிடமும் மறைவான குளிப்பிடமும் உள்ள இடமே தகும். இதைச் சொல்ல வெட்கப்பட்டுப் பேசாதிருந்துவிட்டு, பயணம் முழுவதும் நீர் அருந்தாமல் வாடுகிற பெண்கள் பலர். திட்டம் போடும்போதே சொல்லிவிடுதல் வேண்டும். சமையலிலும் அவ்வாறே. முதல் இரவுக்கு வீட்டிலிருந்தே ரொட்டியும் மாசிச் சம்பலும் கொண்டு போனோம். இரண்டாம் இரவு, ஜும்ஆவுக்குப் பொத்துவில் பள்ளிக்குப் போன என் கணவரும் மகனும் திரும்பும் வழியில் மீன் வாங்கி வந்து, தாமே ஆணம் ஆக்கினார்கள். புளி சற்றுக் கூடியிருந்தது. நானும் உம்மாவும் உட்கார்ந்திருந்து உண்டோம். சமையலறையைத் தூக்கிக்கொண்டு போய்க் கடற்கரையில் இறக்கி வைப்பதற்குச் சுற்றுலா என்று பெயரன்று.

நீர் இருக்கும் இடமெல்லாம் நீராடும் இடமன்று

பொத்துவில் களப்பில் உள்ளூர் மீனவர்கள் தோணியில் அழைத்துச் செல்லுகிறார்கள். கண்டல் மரங்களுக்கிடையே ஓசையின்றிச் செல்லும் அப்பயணம் முதியோருக்கும் ஏற்றது. ஆனால் களப்பில் இறங்கிக் குளிக்கலாகாது. இக்கரையோரக் களப்புகளில் முதலைகள் உண்டு. 2017 செப்டம்பரில் அறுகம்பைக்குத் தெற்கே யானைப்பாறையை அடுத்த களப்பின் ஓரத்தில் ஒரு வெளிநாட்டு இளைஞர் முதலைக்கு இரையானார். கடலிலும், மீனவர்களைக் கேட்டு அவர்கள் காட்டும் அமைதியான பகுதியில், பிள்ளைகளை இடுப்பளவு நீருக்கு அப்பால் விடாமல் இருப்பதே தக்கது.

தெற்கே பாணமையைத் தாண்டி ஒகந்தையை அடைந்தால் குமணை தேசியப் பூங்காவின் வாயில். 1938இல் பறவைகள் சரணாலயமாகத் தொடங்கி, 1970இல் தேசியப் பூங்காவாகி, போரின் காரணமாக 1985 முதல் 2003 வரை மூடிக் கிடந்த காடு இது. ஏறத்தாழ 200 ஹெக்டேயர் பரப்புள்ள குமணை வில்லுவில் நீர்ப்பறவைகள் கூடுகட்டும். வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியோடு பூங்காவின் உள்ளேயே கூடாரமடித்துத் தங்க வசதியுண்டு. ஆயினும் முதியோருள்ள குடும்பத்துக்கு அரைநாட் பயணமே போதும் என்பது எங்கள் முடிவு. ஒகந்தை முருகன் கோயிலிலிருந்து இந்தக் காட்டின் ஊடாகவே ஆண்டுதோறும் கதிர்காமத்துக்கு இந்து அடியார்கள் பாத யாத்திரை செல்லுகிறார்கள். வயோதிபரும் சிறுவரும் கலந்த கூட்டம், நாட்கணக்கில் நடந்து, மரத்தடியில் உறங்கிப் போகிறது. தளர்ந்தவர்களையும் உடன் கொண்டு போகும் பயணத்துக்கு அதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

கிப்லா ஒரு பக்கம், கடல் மறுபக்கம்

ஷாபிஈ மத்ஹபின்படி, ஏறத்தாழ 80 கி.மீ.க்கு மேற்பட்ட பயணத்தில் நான்கு நாட்களுக்குக் குறைவாகத் தங்குவோர் தொழுகைகளைச் சுருக்கியும் சேர்த்தும் தொழலாம். மார்க்கம் தந்த இந்தச் சலுகை எங்கள் பகற்பொழுதை இலகுவாக்கியது. சுபஹுக்கும் மஃரிபுக்கும் சுருக்கமில்லை.

கடைசி நாள் சுபஹைக் கடற்கரையில் தொழலாமா என்று மகள் கேட்டாள். அதுவரை உம்மா தோட்டத்தின் எல்லையைத் தாண்டவில்லை. பிள்ளைகள் கடலுக்குப் போகும்போதெல்லாம் வாயிலில் நாற்காலி போட்டு அமர்ந்திருப்பார். அன்றிரவு என்னிடம் மெல்லச் சொன்னார்:

"கடலைப் பார்க்கப் பயமில்ல மகள். அதுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கத்தான் ஏலாது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இலங்கையிலிருந்து கிப்லா மேற்கே, சற்று வடக்குச் சாய்ந்து இருக்கிறது. கிழக்குக் கரையில் தொழுகைக்கு நிற்பவர் கடலுக்கு முதுகைக் காட்டியே நிற்க வேண்டும். ஜமாஅத்தாகத் தொழுதால் பின்வரிசையில் நிற்கும் பெண்களே கடலுக்கு மிக அண்மையில் நிற்பார்கள். இருபது ஆண்டுகளாக அவர் மனத்தில் இருந்த அச்சத்தின் சரியான வடிவம் இதுதான். யாரும் கேளாததால் அது சொல்லப்படாமலே கிடந்தது.

தீர்வையும் அவரே சொன்னார். பகைவரின் அச்சமுள்ள களத்தில் ஒரு சாரார் தொழ, மறு சாரார் காவல் நிற்க வேண்டும் என்று அந்நிஸா அத்தியாயத்தின் 102ஆம் வசனம் வழி காட்டுவதைச் சிறு வயதில் மத்ரஸாவில் ஓதியவர் அவர். எங்களுக்கு அது போர்க்களமன்று. அந்தச் சட்டமும் எங்களுக்குரியதன்று. ஆனால் அஞ்சுபவனை நோக்கி "அஞ்சாதே" என்று மட்டும் சொல்லிவிடாமல், அச்சத்துக்கும் ஓர் ஒழுங்கு வகுத்துத் தந்த மார்க்கம் நமது என்பதை நான் அன்று புதிதாக விளங்கிக் கொண்டேன்.

தேய்பிறை நிலா தலைக்கு மேல் நின்ற வெளிச்சத்தில் கரைக்குப் போனோம். என் கணவர் முன் நின்றார். உம்மா, நான், மகள் மூவரும் பின் நின்றோம். எங்களுக்கும் பின்னால், கடலைப் பார்த்தபடி என் மகன் நின்றான். இரண்டு ரக்அத் முடிந்து ஸலாம் கொடுத்ததும் உம்மா எழுந்து அவன் இருந்த இடத்துக்கு நடந்தார்.

"நீ போய்த் தொழு மகன். நான் பார்த்துக் கொள்ளுறன்."

அவன் தொழுது முடிக்கும்வரை, கிழக்கு வெளுத்துவரும் அந்தக் கடலைக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றவர் என் உம்மா. நாங்கள் யாரும் ஒன்றும் பேசவில்லை. அலை தன் இடத்தில் வந்து தன் இடத்துக்குப் போய்க் கொண்டிருந்தது.

எல்லா வீட்டுக்கும் உரியது

அதன் பின் உம்மா முற்றிலும் மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். திரும்பும் வழியில் லகுகலையைத் தாண்டும்வரை தஸ்பீஹை விடவில்லை. சாச்சியின் பெயரை அவர் பேரப் பிள்ளைகளுக்குச் சொன்னது மட்டும் அந்தப் பயணத்தில்தான். சாச்சி எப்படிச் சிரிப்பார், கரைவலை இழுக்கும்போது என்ன குறும்பு செய்வார் என்றெல்லாம்.

சகோதர சகோதரிகளே! ஒவ்வொரு வீட்டிலும் அச்சமுடைய ஒருவர் இருக்கிறார். சிலருக்குக் கடல், சிலருக்கு உயரம், சிலருக்கு மருத்துவமனை, சிலருக்குக் கூட்டம். "அவருக்கு ஒத்துவராது" என்று அவரை விட்டுச் செல்வது எளிது. "பயப்பட ஒன்றுமில்லை" என்று இழுத்துச் செல்வதும் எளிது. திட்டம் போடும் மேசையில் அவரை முதலில் அமர்த்தி, "எங்கே தங்குவது, எப்போது போவது, எப்படித் திரும்புவது?" என்று கேட்பதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும். அஞ்சுபவருக்கே ஆபத்தின் வழிகள் நன்கு தெரியும். அவருடைய அச்சத்துக்குத் திட்டத்தில் ஓரிடம் கொடுத்தால் அது எல்லோருக்குமான பாதுகாப்பாகிறது. அவருக்கோ அது மதிப்பாகிறது.

அடுத்த விடுமுறைக்கு எங்கே போவது என்ற பேச்சு எங்கள் வீட்டில் மீண்டும் எழுந்திருக்கிறது. இம்முறை பிள்ளைகள் தேசப்படத்தை முதலில் விரித்தது உம்மாவின் முன்னால். போகுமிடம் எதுவாயினும், வல்ல அல்லாஹ் நம் அனைவரின் பயணங்களையும் இலேசாக்கி, உடன் செல்வோர் ஒருவரையும் பின்னால் விட்டுவிடாத உள்ளத்தை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.